பதினோரு மணித் தட்டு

போன வாரம் அம்மாவுக்குச் சளி பிடித்துக்கொண்டது. ரசத்துக்கு மிளகு வாங்கி வா என்றாள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மளிகைக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கினேன். கைக்கு வந்ததும் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். எல்லோரும் அங்கே விலையும் தேதியும் பார்ப்பார்கள். நான் தேடியது ஒரு வாக்கியத்தை.

அதே சிறுமலை மிளகு. அதே கம்பெனி, அதே கரும்பச்சை உறை. வாக்கியத்தை மட்டும் காணோம். அது இருந்த இடத்தில் 'பிரீமியம் குவாலிட்டி, ரிச் அரோமா' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். ரிச் என்றால் எப்படி ரிச்? பாக்கெட்டை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே நின்றதில் கடைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னப்பு, கவர் ஏதும் ஓட்டையா?"

"இல்லண்ணே, படிச்சிட்டு இருந்தேன்."

"மொளகுல படிக்க என்ன இருக்கு? கொண்டு போயி ரசம் வைய்யி."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் ஒரு காலத்தில் மிளகில் படிப்பதற்கும் எழுதுவதற்கும்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நான் குஜிலியம்பாறைப் பக்கம். மானாவாரிக் காடும் கொஞ்சம் வெள்ளாடும்தான் வீட்டுச் சொத்து. எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அதிலும் ஆங்கில இலக்கியம். ஊரில் அதற்கொரு மரியாதை இருந்தது. "நம்ம பய இங்கிலீஷுல பெரிய படிப்பு" என்று அப்பா டீக்கடையில் சொல்லும்போதெல்லாம் நான் மெல்ல நழுவிவிடுவேன். எவராவது ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிவந்து எதிரே நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று பயம். நல்லவேளையாக, குஜிலியம்பாறைக்கு வெள்ளைக்காரர்கள் வருவதில்லை.

நான் ஆங்கிலம் படித்த விதம் அப்படி. 'ஃப்ரேக்ரன்ட்' என்றால் இனிய மணமுள்ள. 'மஸ்டி' என்றால் பூஞ்சை வாடை உடைய. இப்படி அர்த்தத்தோடு மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். ஆனால் வார்த்தை ஒரு பக்கமும் மூக்கு ஒரு பக்கமுமாக இருந்தன. இரண்டுக்கும் அறிமுகமே கிடையாது. மழையில் நனைந்து காயாத சாக்கின் வாடை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அதற்குத்தான் மஸ்டி என்று பேர் என்பது எனக்குத் தெரியவில்லை.

படிப்பு முடிந்ததும் திண்டுக்கல்லில் ஒரு மாடி ஆபீஸில் வேலை கிடைத்தது. முதலாளி கதிர் சார் ஒட்டன்சத்திரத்துக்காரர். சிறுமலை மிளகு, மலை வாழைப்பழம், தேன், பூ எண்ணெய் என்று இந்தப் பக்கத்துச் சரக்கையெல்லாம் இணையத்தில் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் விற்றார். ஒவ்வொரு சரக்குக்கும் ஆங்கிலத்தில் சில வரிகள் எழுத வேண்டும். வாங்குகிறவர் எங்கோ குளிர்நாட்டில் இருப்பார். தொட்டுப் பார்க்க முடியாது, மோந்து பார்க்க முடியாது. அந்த வரிகள்தான் அவருக்கு மூக்கு, நாக்கு, விரல் எல்லாம்.

அதனால் கதிர் சார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். காலை பதினோரு மணிக்கு ஒரு எவர்சில்வர் தட்டில் அன்றைய சரக்கு வரும். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் தட்டைச் சுற்றி உட்கார வேண்டும். கண்ணை மூடி மோந்து, கடித்து, நசுக்கிப் பார்த்து, முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே கம்ப்யூட்டர் பக்கம் போகலாம். "மூக்குல ஏறாம கையில எறங்கக் கூடாதுங்க" என்பார். எல்லோரும் என்றால் பெரிய கூட்டமில்லை. கதிர் சார், ரோஸ்லின் அக்கா, நான்.

இன்னொரு சட்டமும் உண்டு. 'நைஸ்' என்ற வார்த்தைக்கு அந்த ஆபீஸில் தடை. எழுதினாலும் சரி, வாய் தவறிச் சொன்னாலும் சரி, அந்த ஆள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே போய் அனைவருக்கும் டீ வாங்கி வர வேண்டும். நான் சேர்ந்த புதிதில் மலைத்தேனுக்கு எழுதிய முதல் வரியிலேயே இரண்டு நைஸ் இருந்தது: வெரி நைஸ் ஸ்மெல், வெரி நைஸ் டேஸ்ட். அந்த வாரம் முழுக்க டீக்கு நான்தான் போனேன் என்று நினைக்கிறேன். கீழே டீக்கடைக்காரர் என் தலையைப் பார்த்ததுமே சிரிப்பார்.

"என்னப்பு, இன்னைக்கும் நைஸா?"

ரோஸ்லின் அக்கா திண்டுக்கல் டவுன்காரர். அப்பா அம்மா இருவருமே மிஷன் பள்ளி ஆசிரியர்கள். வீட்டிலேயே ஆங்கிலம் புழங்கியதால், நாம் வெங்காயம் நறுக்குகிற மாதிரி அவர் ஆங்கில வாக்கியத்தை நறுக்குவார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். நான் ஒரு வரி எழுதிக் காட்டினால் அவர் கேட்பது ஒரே கேள்வி. "எப்படி?"

"வாசமா இருக்குக்கா."

"எப்படி வாசமா இருக்கு?"

"நல்ல வாசமா..."

"அப்பு, பிளாஸ்க்கு அங்க இருக்கு."

"நான் நைஸ்னு சொல்லலக்கா!"

"நல்லன்னாலும் அதேதான். தமிழ்ல சொன்னா தப்பிச்சிரலாம்னு பாக்குறியா?"

மலை வாழைப்பழக் கதை ஒன்று இருக்கிறது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறுமலை வாழை பழுத்தால் தோல் வாடிச் சுருங்கிக் கறுத்துவிடும். உள்ளே பழம் தேனாக இருக்கும். நம் ஊரில் அது தெரியும், பழனிக்குப் போகிறவர்களுக்கும் தெரியும். வெளியூர் ஆட்களுக்குத் தெரியாது. நான் அகராதியைப் பார்த்துத் தோல் 'ஷ்ரிவல்' ஆகும் என்று எழுதியிருந்தேன். வாங்கியவர்கள் அழுகல் என்று எண்ணித் தூக்கி எறிந்துவிட்டுப் புகார் அனுப்பினார்கள். ரோஸ்லின் அக்கா அந்த ஒரே வார்த்தையை எடுத்துவிட்டு 'ரிங்கிள்' என்று போட்டார். செத்துப்போன இலைதான் ஷ்ரிவல் ஆகுமாம். ரிங்கிள் சிரிக்கிற முகத்திலும் விழுமாம். பழம் மாறவில்லை, தோலும் மாறவில்லை. புகார் நின்றுவிட்டது. ஒரு சொல் பழத்தை அழுக வைக்கவும் பழுக்க வைக்கவும் முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். "வாழைப்பழத்துக்கா இம்புட்டு?" என்றார்.

பழத்தின் கறுத்த தோலைச் சொன்னதும் எனக்கு அந்த ஆபீஸின் ஜன்னல் நினைவுக்கு வருகிறது. தூசியும் வெயிலும் சேர்ந்து அதன் கண்ணாடி அதே நிறத்தில்தான் இருக்கும். அதை நாங்கள் துடைப்பதும் இல்லை, அகலத் திறப்பதும் இல்லை. காரணம், அந்தத் திசையில் கொஞ்ச தூரத்தில் ஒரு தோல் பதனிடும் கம்பெனி. காற்று அங்கிருந்து திரும்பினால் போதும். திண்டுக்கல்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. கதிர் சார் "ஏனுங்க, ஜன்னலு, ஜன்னலு!" என்று கத்துவார். மல்லிகை எண்ணெய்க்கு வரி எழுதும் நாளில் இந்தக் காற்று வந்தால் அன்றைக்கு வேலையே ஓடாது.

கொரோனாவின் இரண்டாவது அலை அடங்கி ஆபீஸை மறுபடி திறந்தபோது நாங்கள் மூவருமே மெலிந்திருந்தோம். ரோஸ்லின் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. லேசாகத்தான் வந்தது என்றார். பதினோரு மணித் தட்டு மறுபடி வந்தது. அவர் முன்பு போலவே மாஸ்க்கை இறக்கி மோந்து பார்த்தார், எழுதினார். ஆனால் "எப்படி?" என்று கேட்பது நின்றுபோயிற்று. நான் எதைச் சொன்னாலும் "ம், சரி" என்றார். எனக்கு ஆங்கிலம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று கொஞ்ச நாள் பெருமையாகக்கூட இருந்தேன். மண்டையில் ஏறாதவன்.

ஒரு மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா டிபன் பாக்ஸைத் திறந்ததுமே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வெஞ்சனமாகக் கொண்டுவந்திருந்த கூட்டு நன்றாக ஊசிப்போயிருந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே அப்படி. அவரோ சோற்றில் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டு முடித்திருந்தார்.

"அக்கா, சாப்பிடாதீங்க! அது ஊசிருச்சு."

கை அப்படியே நின்றது. "ஊசிருச்சா? லேசா புளிச்சுச்சு. புளி கூடப் போட்டுட்டேன்னு நெனச்சேன்."

"வாடை வரலியாக்கா?"

அவர் டிபன் பாக்ஸை மூடினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கதிர் சார் அன்று சிறுமலைக்குப் போயிருந்தார்.

"காய்ச்சல்ல போனதுதான் அப்பு. ஒண்ணுமே தெரியல. வரும்னு டாக்டர் சொல்றாரு, எப்பன்னு சொல்ல மாட்டேங்கிறாரு." மேஜை டிராயரை இழுத்துக் காட்டினார். கிராம்பும் காய்ந்த எலுமிச்சைத் தோலும் கிடந்தன. காலையும் மாலையும் இவற்றை மோந்து பழகச் சொல்லியிருந்தார்களாம். மூக்குக்கு மறுபடி அரிச்சுவடி.

"இத்தன நாளா எழுதுனதெல்லாம்?"

"ஞாபகத்துல இருந்து எழுதுறேன். மிளகு எப்படி இருக்கும், தேன் எப்படி இருக்கும்னு மனசுல இருக்குல்ல. அதப் பாத்து எழுதுறேன்." டிராயரைச் சாத்தினார். பிறகு சொன்னார். "வேலைய விடு அப்பு. வெளாடிட்டு வந்ததும் பாப்பா மடியில வந்து விழும். தலைய மோந்து பாக்குறேன். ஒண்ணுமில்ல. யாரு வீட்டுப் பிள்ளையோ மாதிரி இருக்கு."

அக்காவின் கணவருக்கு அந்தச் சமயம் வேலை இல்லை; வீடு அக்காவின் சம்பளத்தில்தான் ஓடியது. "சார்ட்ட சொல்லிராத" என்றார். சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் அவருக்கு மூக்காக ஆனேன். தட்டு வந்ததும் நான் முந்திக்கொண்டு மோந்து பார்த்து, சத்தமாகத் தமிழில் சொல்வேன். அவர் அதை ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்வார். "எப்படி?" மறுபடி வந்துவிட்டது. முன்பு அது திருத்துகிறவரின் கேள்வி. இப்போது தெரிந்துகொள்ள வேண்டியவரின் கேள்வி. தப்பாகச் சொன்னால் அவர் தப்பாக எழுதிவிடுவாரே என்ற பயத்தில் நான் முதல்முறையாக ஒழுங்காக மோந்து பார்க்கத் தொடங்கினேன்.

என்னிடம் இருந்த சாமான்களோ ஆட்டுக்கொட்டில், மண்ணெண்ணெய், சத்துணவுக் கூடத்துப் புகை, மழை பெய்த மறுநாள் சோளத்தட்டைப் போர். முதலில் வெட்கமாக இருந்தது. வெளிநாட்டுக்குப் போகிற தேனைப் பற்றி, "நாள்பட்ட அடுப்புப் பக்கம் நின்னா வருமே, அந்த மாதிரி அடியில ஒண்ணு வருதுக்கா" என்று சொல்வதா? அக்கா கண் விரிய, "அதச் சொல்லு, அதச் சொல்லு" என்பார். திரையில் 'ஸ்மோக்' என்று எழுதுவார், அழிப்பார், 'உட் ஸ்மோக்' என்பார். "ஸ்மோக்னா பஸ்ஸு, லாரி எல்லாம் வந்துரும். உட் ஸ்மோக்னாதான் அடுப்பு." ஒரு சொல்லைச் சேர்த்ததும் பைபாஸ் ரோடு போய் எங்கள் வீட்டுச் சமையல்கட்டு வந்தது.

நமக்கு வாசம், வாடை, நெடி, கவிச்சி, வீச்சம், முடை என்று மூக்குக்கென்றே சொற்கள் நிறைய. ஆங்கிலத்தில் கொஞ்சம்தான் இருப்பதாக எங்களுக்குப் பட்டது. தொடுகிற கையிடமிருந்து ஷார்ப், வார்ம். பார்க்கிற கண்ணிடமிருந்து க்ரீன், ப்ரைட் என்று இரவல் வாங்கித்தான் வாசத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. 'கமறுது' என்பதற்கு நாங்கள் ஒரு பகல் முழுக்கத் தேடினோம். கடைசியில் அக்கா, பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு வினையைப் பிடித்தார்: 'கேட்சஸ் தி த்ரோட்'. தொண்டையைப் பிடிக்கிறது! எங்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் அப்படித்தானே அம்மா இருமுவாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வார்த்தைகள் இப்படி ஒவ்வொன்றாக என் மூக்குக்கு அறிமுகமாயின. மஸ்டியை நனைந்த சாக்கில் கண்டுபிடித்த அன்று, தொலைந்த உறவுக்காரரைச் சந்தையில் பார்த்தது போலிருந்தது.

எங்கள் ஏற்பாடு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஊருக்குப் போய்விட்டு நான் திரும்பிய பஸ் வேடசந்தூரில் பழுதாகி நின்ற நாள் வரைக்கும்.

அன்று நான் ஆபீஸ் வந்து சேரும்போது பதினோரு மணி தாண்டிவிட்டது. படியேறும்போதே வாசம் கீழே வரை வந்தது. வெட்டிவேர். புதுப்பானைத் தண்ணீரில் ஊறிய வெட்டிவேர். உள்ளே கதிர் சார் கையில் திறந்த பாட்டிலோடு நின்றிருந்தார். அக்காவின் திரையில் மல்லிகையைப் பற்றி மூன்று அழகான வரிகள். மாலை, மொட்டு விரிதல், இனிப்பு எல்லாம் இருந்தன.

நடந்தது இதுதான். நிலக்கோட்டைப் பக்கமிருந்து மல்லிகை எண்ணெயும் வெட்டிவேர் எண்ணெயும் ஒரே பெட்டியில் வந்திருக்கின்றன. இரண்டும் பழுப்பு நிறம், ஒரே மாதிரி பாட்டில். சார் அவசரத்தில் மாற்றி எடுத்து, "மல்லிகைங்க, எழுதுங்க" என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அக்கா மோந்து பார்த்தார், எழுதினார். சார் திரும்பி வந்தார்.

"ஏனுங்க ரோஸ்லின்," என்றார். கோபம் இல்லை, குழப்பம்தான். "இது வெட்டிவேருங்க."

அக்கா தலை குனிந்துகொண்டார். "சார், எனக்கு வாசம் தெரியாது. காய்ச்சல்ல இருந்து."

"அட, சொல்லியிருக்கலாமுங்களே!" சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாட்டிலை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "நான் போகச் சொல்லலீங்க. பில்லு போடுற டேபிளு காலியாத்தான் கெடக்குது. சம்பளமும் அதே சம்பளம். ஆனா மோந்து பாக்காம எழுதுனா அது நம்ம வேல இல்லீங்களே. வாங்குற ஆளு நம்மள நம்பித்தானுங்க வாங்குறாங்க."

அவர் சொன்னதில் குற்றம் காண முடியவில்லை. அதுதான் வேதனை. நான் உளறிக்கொட்டினேன். "சார், மூக்கு நான், கை அக்கா. இம்புட்டு நாளும் அப்படித்தான் எழுதுறோம்."

"ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளுங்களா?" என்றார் சார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

அப்போது அக்கா எழுந்து போய், மிளகு டப்பாவைத் திறந்து, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். கண் கலங்கியது. இருமினார். திரையில் இருந்த மல்லிகையை அழித்துவிட்டு ஒரு வரி தட்டினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'ஒன்றைக் கடியுங்கள், நாக்குக்கு முந்தித் தொண்டைக்குத் தெரிந்துவிடும்.' ஆங்கிலத்தில் இதைவிடச் சின்னது.

"இது பொய் இல்ல சார். உறைக்கிறது தெரியுது. வாசம்தான் தெரியல. எனக்கு எது தெரியுமோ, அத மட்டும் எழுதியிருக்கேன்."

சார் அந்த வரியைப் பார்த்தார். அதில் வாசம் என்ற பேச்சே இல்லை. தானும் ஒரு மிளகை எடுத்துக் கடித்தார். தொண்டையைத் தடவிக்கொண்டார். "சரிங்க," என்றார். "பொங்க வரைக்கும் பாக்கலாமுங்க. நீங்க கையி, தம்பி மூக்கு. அப்பவும் வரலைன்னா பில்லு டேபிளு. மனசுல வச்சுக்காதீங்க."

அந்த வரிதான் மிளகுப் பாக்கெட்டின் பின்பக்கம் ஏறியது.

கார்த்திகை போயிற்று. மார்கழியும் பாதி போயிற்று. டிராயரில் கிராம்பை மாற்றி மாற்றி வைத்தார், எலுமிச்சைத் தோலை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் கேக் சுட்டதாகவும், அடுப்பைவிட்டு நகராமல் பாப்பாதான் மோந்து மோந்து "வெந்துருச்சும்மா" என்று சொன்னதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. புத்தாண்டுக்குப் பிறகு பில் போடும் மென்பொருளைக் கதிர் சாரிடம் கேட்டுப் பழக ஆரம்பித்தார். எழுதும் மேஜையில் இருந்த அகராதியை என் மேஜைக்கு நகர்த்தி வைத்தார். "உனக்குத்தான் இனி வேணும்" என்றார். நான் அதைத் தொடவில்லை.

பொங்கலுக்குச் சில நாள் முன்னால் ஒரு மதியம். காலம் தப்பி ஒரு மழை பெய்து ஓய்ந்து, காற்று திரும்பியது. நேராகத் தோல் கம்பெனியிலிருந்து வந்தது. நான் சட்டைக் காலரை மூக்குக்கு இழுத்தேன். சார் வழக்கம்போல, "ஏனுங்க, ஜன்னல நல்லாச் சாத்துங்க, கொடலப் பெரட்டுது!" என்றார்.

ரோஸ்லின் அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். சாத்தப் போகிறார் என்றுதான் நினைத்தோம். கொக்கியை எடுத்து, இரண்டு கதவையும் அகலத் திறந்து, தலையை வெளியே நீட்டினார்.

"அப்பு!" என்றார். "நாறுது அப்பு! நாறுது!"

"அதான் தெரியுமேங்க, சாத்துங்க—" என்று தொடங்கிய கதிர் சார் பாதியில் நிறுத்திவிட்டார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"செத்த நேரம் இருக்கட்டும் சார். செத்த நேரம்." அவர் மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தார். ஊரே மூக்கைப் பொத்தும் காற்றை ஒரு ஆள் குடிப்பதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

என் வாயில் அந்தக் கேள்வி எப்படி வந்ததோ தெரியாது. "எப்படிக்கா நாறுது?"

அவர் திரும்பினார். ஸ்டிங்க், ஸ்டென்ச், ரீக், ஃபௌல் என்று நாற்றத்துக்கு எத்தனை வார்த்தை அவரிடம் உண்டு என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மணி நேரம் சொல்லக்கூடியவர். உதட்டைக் கடித்து யோசித்தார்.

"நைஸ்," என்றார்.

பிறகு கதிர் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு மேஜையைக் காட்டினார். "பிளாஸ்க்கு அங்க இருக்குதுங்க."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். வெகு நேரம் திரும்பி வரவில்லை. கடைசியில் டீக்கடைக்காரரே பிளாஸ்க்கோடு மேலே வந்தார்.

"டீய வாங்கி வச்சிட்டு, ஆட்டோவ நிறுத்தி ஏறிப் போயிருச்சுப்பா அந்தக்கா. பிள்ளயப் பாக்கணும்னுச்சு. ஏதும் வெவகாரமா?"

மறுநாள் வந்ததும் கேட்டேன். "முழுசா வரல அப்பு," என்றார். "தேங்காண்ணெய் தெரியல, சோப்பு தெரியல. ஆனா பிள்ள என் பிள்ளதான்." பிறகு என் மேஜைக்கு வந்து அகராதியை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவருக்கு வாசங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சில கோணலாகவும் வந்தன. காபி மட்டும் நெடுநாள் கருகின ரப்பராக இருந்தது அவருக்கு. "இது நெசமா, இல்ல என் மூக்கா?" என்று என்னிடம் கேட்டு உறுதி செய்துகொள்வார். ஒரு நாள் அப்படிக் கேட்பதும் நின்றது.

இப்போது அந்த மாடியில் செல்போன் கவர் விற்கிறார்கள். கதிர் சார் ஒட்டன்சத்திரத்திலேயே குடோன் போட்டுவிட்டார். வரி எழுத ஆள் வைப்பதில்லை. போனில் ஏ.ஐ.யிடம் கேட்டால் வினாடியில் நாற்பது வரி கொட்டுகிறது என்று போன முறை பார்த்தபோது கூச்சத்தோடு சொன்னார். பதினோரு மணிக்கு அங்கே தட்டு வருவதில்லை. ரிச் அரோமா என்று எழுத எதையும் மோந்து பார்க்க வேண்டியதில்லை அல்லவா? எனக்கு வேறு கம்பெனியில் வேலை. ரோஸ்லின் அக்கா குடும்பத்தோடு திருச்சியில். பாப்பா வளர்ந்துவிட்டாளாம், தலையை மோந்தால் தட்டிவிடுகிறாளாம்.

மிளகு வாங்கிய அன்று சாயங்காலம் அந்தத் தெருப்பக்கம் நடந்தேன். லேசாகத் தூறி ஓய்ந்திருந்தது. காற்று அதே திசையிலிருந்துதான் வந்தது. தோல் கம்பெனியை மூடி வெகுநாளாகிறது. அந்த இடத்தில் இப்போது கம்பி வேலியும் மனை விற்கும் பலகையும். தெருவில் எல்லா வீட்டு ஜன்னலும் திறந்திருந்தது. அந்தத் தெரு மக்களுக்கு நல்ல காலம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பாக்கெட் விஷயத்தைச் சொல்ல அக்காவுக்கு போன் போட்டேன்.

நம் வரி போய்விட்டது என்றதும், "போனா போகுது விடு, மொளகு உறைக்குதுல்ல?" என்று சிரித்தார். பிறகு நான் நிற்கும் இடத்தைக் கேட்டார். சொன்னேன்.

"மழை பேஞ்சிருக்கா? காத்து அந்தப் பக்கமிருந்தா? என்ன வருது?"

"ஒண்ணும் வரலக்கா."



"ஒண்ணுமில்லன்னா," என்றார், "எப்படி ஒண்ணுமில்ல?"

நான் கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு முறை மூச்சை இழுத்தேன்.